பெக்கன்ட்ரீ எஸ்டேட் வீடுகள்: பழைய கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கிழக்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில் கடைக்கு மேலே ஒரு ஃபிளாட்டில் இருந்த நாங்கள் இப்போது டாகன்ஹாம் பக்கம், பெக்கன்ட்ரீ எஸ்டேட்டுக்குள் வீடு வாங்கி வந்திருக்கிறோம். பழைய கவுன்சில் வீடு. வரிசையில் நடு வீடு. மேலே மூன்று அறை, அதில் ஒன்றில் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. குளியலறை கீழே, குசினிக்குப் பின்னால். யார் இப்படி யோசித்துக் கட்டினார்களோ! ஆனால் பின்வளவு நல்ல நீளம். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே மனைவி வெந்தயக்கீரை விதைத்துவிட்டார்.

முன்பக்கம் இடுப்பளவு பிரிவெட் புதர்ச்செடி வேலி இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று நாடாவை வைத்து அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து, "அது கவுன்சில் வைத்த வேலி தெரியுமா?" என்றார். வயது எண்பது தாண்டிவிட்டது, அந்த வீட்டிலேயே பிறந்தவராம். அன்றைக்குத் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. எனக்குப் பாதி புரிகிறது, பாதி அவருடைய கிழக்கு லண்டன் உச்சரிப்பில் போய்விடுகிறது.

இந்த எஸ்டேட்டின் கதை தெரிந்தவர்கள், இங்கே இருந்தவர்கள், இருப்பவர்கள் எழுதுங்கள். வேலி விஷயத்துக்கும் ஒரு யோசனை சொல்லுங்கள்.

நூலகப்பூனை எழுதியது:

அந்த அம்மா சொன்னது சரி. அவர் கவுன்சில் என்றது இப்போதைய கவுன்சிலை அல்ல, எல்சிசியை. லண்டன் கவுண்டி கவுன்சில். வீட்டைக் கட்டியதும், வேலியை நட்டதும், வாடகை வாங்கியதும் அவர்கள்தான்.

முதல் உலகப் போர் முடிந்தபோது, திரும்பி வரும் படைவீரர்களுக்கு நல்ல வீடு தருவோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்திருந்தது. 1919இல் சுகாதார அமைச்சர் அடிசன் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம் அதற்காக வந்தது. லண்டனுக்குள் இடம் இல்லை. அதனால் எல்சிசி தன் எல்லையைத் தாண்டி எசெக்ஸ் மாவட்டத்துக்குள் போய், பார்க்கிங், டாகன்ஹாம், இல்ஃபோர்ட் மூன்றிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 3,000 ஏக்கர் எடுத்தது. பெரும்பாலும் லண்டன் சந்தைக்குக் காய்கறி போட்ட தோட்டங்கள். உங்கள் மனைவியின் வெந்தயக்கீரை நன்றாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

முதல் வீடுகள் 1921இல் முடிந்தன. சிட்டிஸ் லேனில் அதற்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1935 வாக்கில் வேலை முடிந்தபோது ஏறத்தாழ 26,000 வீடுகள், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரிய அரசாங்கக் குடியிருப்பு இதுதான். செங்கல்லும் மரமும் கொண்டுவர தேம்ஸ் கரையில் ஒரு தனித் துறை கட்டினார்கள், குட்மேஸிலிருந்து தற்காலிக ரயில் பாதையும் போட்டார்கள். வேலன்ஸ் அவென்யூ ஏன் அவ்வளவு அகலம் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தக் கட்டுமான ரயில் அதன் வழியாக ஓடியது.

இதில் எனக்குப் பிடிபடாத ஒரு கிறுக்குத்தனம் உண்டு. வீட்டுக்காரர் எல்சிசி. பள்ளிக்கூடமும் குப்பையும் தெருவும் எசெக்ஸ் மாவட்டம், மூன்று உள்ளூராட்சிகள் என்று பிரிந்து கிடந்தன. வீடு வேகமாக எழுந்தது, பள்ளிக்கூடம் எழவில்லை. கடை எழவில்லை. வேலையைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை! டாகன்ஹாம் ஃபோர்ட் கார் தொழிற்சாலை 1931இல்தான் இயங்கத் தொடங்கியது, அதுவும் எஸ்டேட்டுக்காக வந்தது அல்ல. அதுவரை ஆம்பிளைகள் விடியற்காலை ரயிலில் லண்டனுக்கே திரும்பிப் போய் வேலை செய்தார்கள். காலையில் சீக்கிரம் போனால் தொழிலாளர் டிக்கெட் மலிவு, அதற்காகவே வேலை தொடங்கப் பல மணி முன்னால் போய்க் காத்திருந்தவர்கள் உண்டு. இப்போது நாம் ஏறும் டிஸ்ட்ரிக்ட் லைன் 1932இல்தான் இந்தப் பக்கம் மின்சார ரயிலாக நீண்டது. ஹீத்வே நிலையமும் அந்த வருடம் திறந்ததுதான்.

செங்கல்சுண்ணாம்பு எழுதியது:

கட்டட வேலைக்காரன் பேசுகிறேன். இந்த எஸ்டேட்டில் நிறைய வீடுகளின் சுவரை உடைத்திருக்கிறேன்.

குளியலறை கீழே இருப்பதற்குக் காரணம் வெந்நீர். அந்தக் காலத்தில் குசினியில் துணி அவிக்க ஒரு செப்பு அண்டா அடுப்போடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குளிக்கவும் அந்த வெந்நீர்தான். தொட்டி அதற்குப் பக்கத்தில் இருந்தால்தான் வசதி. இதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர்கள் விட்டு வந்த வீடுகளில் தொட்டியே கிடையாது, சுவரில் மாட்டிய தகர வாளித் தொட்டியை வெள்ளிக்கிழமை இறக்கி, வீடே வரிசையாகக் குளிக்கும். கழிவறை முற்றத்தில், அதையும் நாலைந்து குடும்பம் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு உங்கள் குளியலறை அரண்மனை.

இப்போது வேலி. மூன்று விஷயம் பாருங்கள். நடைபாதை விளிம்பைத் தாழ்த்தாமல் காரை ஏற்ற முடியாது, அதற்குக் கவுன்சில் அனுமதி வேண்டும், செலவும் உங்களுடையது. முன்வளவில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட்டால் 2008இலிருந்து திட்ட அனுமதி கேட்கிறார்கள், தண்ணீர் இறங்கும் கல் போட்டால் தொல்லை இல்லை. மூன்றாவது, மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வேலியில் கை வைக்காதீர்கள். குருவி கூடு இருந்தால் சட்டப்படி குற்றம்.

அப்புறம், தண்ணீர்க் குழாய் ஈயமா என்று யாரையாவது கூட்டி வந்து பாருங்கள். 1970க்கு முந்தைய வீடு என்றால் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. வேலியைவிட இது அவசரம்.

வேலியோரத்தான் எழுதியது:

லண்டனுக்கு வந்தும் நமக்கு வேலிப் பிரச்சினைதானா! ஊரில் கதியாலை அரை முழம் தள்ளி நட்டதற்குக் கோட்டுக்குப் போன ஆட்கள் நாங்கள். அந்த அம்மா சண்டை பிடிக்காமல் கதை சொல்கிறார் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வேலியை விட்டுவிடுங்கள் அண்ணை, காரைத் தெருவில் விடுங்கள்.

பழைய_ஃபோர்ட்காரன் எழுதியது:

எண்பதுகளின் நடுவில் ஃபோர்டில் இரவு ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்தேன். 83 கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், பிறகு இங்கே வந்தவன். அப்போது இந்தப் பக்கம் நம் ஆட்கள் மிகக் குறைவு. ஈஸ்ட்ஹாமில் இடம் கிடைக்காமல், வேலை செய்யும் இடத்தில் கூட இருந்த ஒருவர் சொல்லி, எஸ்டேட்டில் ஒரு விதவையின் வீட்டில் அறை எடுத்தேன். அவருடைய கணவரும் ஃபோர்டில் இருந்தவர், இறந்துவிட்டார்.

அந்த அம்மாவின் ஒழுங்கு இருக்கிறதே! ஒவ்வொரு கிழமையும் முன் ஜன்னல் துடைக்க வேண்டும். வாசற்படி கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி காயப்போடக் கூடாது. நான் ஒரு ஞாயிறு சாரத்தைக் காயப்போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தானே போய் எடுத்து மடித்துக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். அதைவிடப் பெரிய ஏச்சு எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததில்லை. இது அவருடைய குணம் என்றுதான் அப்போது நினைத்தேன். பல வருடம் கழித்து வேலன்ஸ் ஹவுஸ் அருங்காட்சியகத்தில் எல்சிசி காலத்து வீட்டு விதிகளைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. ஜன்னலைக் கிழமைக்கு ஒரு தடவையாவது துடைக்க வேண்டும், முன்வளவை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், பிள்ளைகள் செய்யும் குழப்படிக்குப் பெற்றோர் பொறுப்பு, எல்லாம் எழுத்தில் இருந்திருக்கிறது. விதி போட்டவர்கள் போய்விட்டார்கள். அவர் மட்டும் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் சைக்கிளில் வருவேன். குளிர்காலத்தில் எஸ்டேட்டில் வழி தவறுவது சாதாரணம். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே செங்கல். அதற்குள் பஞ்சோ என்று சொல்கிற முட்டுச்சந்துகள் வேறு. குறுகிய வழி, முடிவில் வட்டம், சுற்றி வீடுகள். ஒரு வட்டத்துக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வந்தால் எந்தத் திசையில் நிற்கிறோம் என்றே தெரியாது. பிள்ளைகளுக்கு மட்டும் அது சொர்க்கம், கார் வராத விளையாட்டு மைதானம்.

ஃபோர்டில் கடைசிக் கார் 2002 பெப்ரவரியில் இறங்கியது, ஒரு ஃபியெஸ்டா. இப்போது என்ஜின் மட்டும் செய்கிறார்கள். நான் அதற்கு முன்பே விலகிவிட்டேன்.

கிழக்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழாய் பார்க்க ஆள் சொல்லியிருக்கிறேன். வேலி இப்போதைக்கு நிற்கிறது. செங்கல்சுண்ணாம்பு சொன்ன செலவைக் கேட்டதும் காரைத் தெருவில் விடுவதே மேல் என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நேற்று அந்த அம்மாவை அழைத்துத் தேநீர் கொடுத்தோம். பாலையும் சீனியையும் தனித்தனியாக வைக்கச் சொன்னார். நூலகப்பூனை எழுதியதை அவரிடம் சொல்லிச் சரியா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பிறகு தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

தகப்பன் துறைமுகத்தில் வேலை. கிழக்கு லண்டன் துறைமுகப் பக்கம், போப்லரில் இரண்டு அறையில் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். எஸ்டேட்டில் வீடு கிடைத்து வண்டியில் சாமான் ஏற்றி வந்தபோது, தாய் ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவைத் திறந்து பார்த்தாராம். மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தாராம். ஆனால் ஒரு மாதம் போவதற்குள் அழத் தொடங்கிவிட்டார். போப்லரில் படியில் உட்கார்ந்தால் தாய், அக்கா, சித்தி எல்லோரும் ஒரே தெரு. கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடை மூலையில் இருந்தது. இங்கே யாரையும் தெரியாது, கடைக்கு நடக்க வேண்டும், குடிக்க ஒரு மதுக்கடைகூடப் பக்கத்தில் இல்லை. சனிக்கிழமை தோறும் தாய் பஸ்ஸில் போப்லர் போய்த் தன் தாயைப் பார்த்து, அந்தச் சந்தையிலேயே கிழமைச் சாமானையும் வாங்கித் தூக்கிக்கொண்டு வருவாராம். பஸ் காசுக்கு இங்கேயே வாங்கலாமே என்று தகப்பன் ஏசுவாராம்.

என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்தார். கறிவேப்பிலையும் மீனும் வாங்க இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈஸ்ட்ஹாம் போகிறவர் அவர். கோயிலுக்கும் அங்கேதான்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். எஸ்டேட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்கவில்லையாம். சேரியில் கொடுத்ததைவிட இங்கே வாடகை அதிகம், அதோடு ரயில் காசு. வேலை போன குடும்பங்கள் இரவோடு இரவாகச் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விடும். காலையில் திரைச்சீலை இல்லாத ஜன்னலைப் பார்த்துத்தான் தெருவுக்குத் தெரியும். வாடகை வசூலிப்பவர் வருகிற நாளில் தாய் காசை எண்ணி, வாடகைப் புத்தகத்துக்குள் வைத்து, மேசையில் காலையிலேயே தயாராக வைப்பாராம். "நாங்கள் ஒருநாளும் பிந்தியதில்லை" என்று இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கப் போகிறது என்று டாகன்ஹாம் பிள்ளைகளைத் தேம்ஸ் வழியாகக் கப்பலில் ஏற்றிக் கிழக்குக் கரை ஊர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் கைக்குழந்தை, போகவில்லை. இரண்டு அண்ணன்மார் போனார்கள். லோஸ்டோஃப்டில் இறங்கி, பள்ளிக்கூடத் தரையில் வைக்கோல் மேல் படுத்தார்களாம். ஃபோர்ட்காரன் அண்ணை, உங்கள் கப்பல் கதையை அவரிடம் சொல்லலாமா?

பழைய_ஃபோர்ட்காரன் எழுதியது:

சொல்லுங்கள். வைக்கோல்கூட இருக்கவில்லை என்றும் சொல்லுங்கள்.

அறைக்குடித்தனம் எழுதியது:

நான் மதுரைக்காரன். இங்கே படிக்க வந்து, இப்போது வேலை. ஹீத்வேக்குப் பக்கத்தில் இதே மாதிரி ஒரு எஸ்டேட் வீட்டில் அறை வாடகைக்கு இருக்கிறேன். கீழே இருக்கும் முன்னறையையும் பலகை அடித்து அறையாக்கிவிட்டார் வீட்டுக்காரர். ஆறு பேர், ஒரு குளியலறை. மேலே சொன்ன போப்லர் கணக்குக்கு அதிக தூரம் இல்லை.

ஒரு கேள்வி. கவுன்சில் கட்டின வீடு எப்படித் தனியார் கைக்கு வந்தது? கவுன்சிலிலேயே இன்னும் வாடகைக்கு இருக்கும் எதிர்வீட்டுக்காரர் முழு வீட்டுக்கும் கொடுப்பதை ஒருநாள் சொன்னார். எங்கள் ஆறு பேரின் வாடகையைக் கூட்டிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

1980 வீட்டுவசதிச் சட்டம். குறைந்தது மூன்று வருடம் குடியிருந்த கவுன்சில் குடித்தனக்காரர் அந்த வீட்டையே வாங்கலாம் என்று வந்தது, அப்போது சந்தை விலையில் 33 சதவீதம் தள்ளுபடி. இருந்த வருடம் கூடக் கூடத் தள்ளுபடியும் கூடி, வீடுகளுக்கு முதலில் 50 சதவீதம் வரை போனது. பெக்கன்ட்ரீ மாதிரித் தோட்டத்தோடு கூடிய வீடுகள்தான் முதலில் பறந்தன. தெருவில் நடந்து பாருங்கள். சுவரில் போலிக்கல் ஒட்டிய வீடு, தூண் வைத்த வாசல், சரளை பூசிய முகப்பு எல்லாம் வாங்கியவர்கள், "இது இனி என் வீடு" என்று போட்ட கையெழுத்து.

இதைக் குற்றமாகப் பார்க்க எனக்கு மனமில்லை. தலைமுறையாக வாடகை கட்டியவன் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆவதில் என்ன தவறு? நம் ஆட்களில் எத்தனை பேர் அப்படி விற்ற வீட்டை வாங்கிக் குடிவந்தோம்! இந்த இழையைத் தொடங்கியவரே அப்படித்தான்.

நூலகப்பூனை எழுதியது:

வாங்கியவர் மேல் குற்றம் இல்லை, கணக்குப்பிள்ளை. விற்ற காசில் அதே அளவு வீடு கட்டக் கவுன்சில்களை விடவில்லை, கோளாறு அங்கே. வாங்கியவர் குடியிருக்கும் வரை வீடு வீடாகவே இருந்தது. அவர் விற்று, அடுத்தவர் விற்று, மூன்றாவதாக வந்தவர் முன்னறையில் பலகை அடிக்கிறார். எல்சிசி காலத்தில் அனுமதி இல்லாமல் ஓர் ஆளை உள்வாடகைக்கு வைத்தாலே நோட்டீஸ் வந்திருக்கும். அந்த அதிகாரிகளின் கெடுபிடியை நான் கொண்டாடவில்லை. ஜன்னல் துடைத்தாயா என்று பார்க்கும் வீட்டுக்காரர் எனக்கு வேண்டாம். ஆறு பேரை அடைப்பதைக் கண்டும் காணாமல் இருக்கிற நிலைமையும் வேண்டாம்.

தூவானம் எழுதியது:

இழை இனிப்பாகப் போகிறது. கொஞ்சம் உப்பும் போடுகிறேன்.

நாங்கள் இந்த எஸ்டேட்டுக்கு வந்தது 2006இல். நான் அப்போது பள்ளிக்கூடம். அந்த மே மாதத் தேர்தலில் பிஎன்பி, அதாவது பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி, இங்கே 12 கவுன்சிலர் இடம் பிடித்தது. வெளிநாட்டுக்காரரை வெளியேற்று என்பதுதான் அவர்கள் அரசியல். அப்பா தபாலில் வந்த அவர்களுடைய துண்டுப் பிரசுரத்தைப் படித்துப் பார்த்து, மடித்து, அலமாரிக்கு மேலே வைத்தார். ஏன் வைத்தார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஜன்னலில் இரண்டு தடவை முட்டை அடித்தார்கள். அம்மா சேலையோடு கடைக்குப் போவதை நிறுத்தினார். பஸ்ஸில் மேல்மாடிக்கு நான் ஏறவே மாட்டேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்ல வேண்டும். முட்டை அடித்த இரண்டாவது நாள் எதிர்வீட்டுக் கிழவர் வாளியும் நீளத் தூரிகையும் கொண்டுவந்து அப்பாவோடு சேர்ந்து கழுவினார். கழுவும்போதே, "எனக்கும் உங்களை இங்கே அனுப்பினது பிடிக்கவில்லை, ஆனால் ஜன்னல் ஜன்னல்தான்" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. அந்தக் கிழவருக்கு மூன்று பிள்ளைகள், ஒருவருக்கும் எஸ்டேட்டில் வீடு கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எங்கள் மேல் திரும்பியிருந்தது. நாங்கள் கவுன்சில் வீட்டில் இல்லை, காசு கட்டி வாங்கினோம் என்று அப்பா அவருக்குப் பத்திரத்தைக் காட்டாத குறையாக விளக்கினார். அதற்குப் பிறகு தக்காளி நாற்று கொடுக்கிற அளவுக்கு வந்தது.

2010 தேர்தலில் அந்தப் 12 பேரும் தோற்றார்கள். அப்பா அன்றைக்குப் பாயாசம் செய்யச் சொன்னார். கிழவருக்கும் ஒரு கிண்ணம் போனது. எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

நூலகப்பூனை எழுதியது:

தூவானம், அந்தக் கிழவரின் குறை 2006இல் பிறந்தது அல்ல. எல்சிசி தன் காலியான வீடுகளை லண்டனில் வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்குக் கொடுத்தது. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கல்யாணம் ஆனதும் இங்கேயே வீடு கேட்டால், நீங்கள் எசெக்ஸ், உங்கள் உள்ளூராட்சியிடம் கேளுங்கள் என்ற பதில். உள்ளூராட்சியிடமோ நிலமே இல்லை, முழுக்க எல்சிசி கட்டி முடித்துவிட்டது! அதனால் போருக்குப் பிறகு இளம் தம்பதிகள் ஹரோல்ட் ஹில், பாசில்டன் என்று இன்னும் கிழக்கே போனார்கள். தாயைப் பார்க்கப் போப்லருக்குப் பஸ் ஏறிய தலைமுறையின் பிள்ளைகள், தாயைப் பார்க்க டாகன்ஹாமுக்குப் பஸ் ஏறினார்கள். ஐம்பதுகளிலேயே இங்கே இந்த முணுமுணுப்பு இருந்தது, அப்போது ஒரு தமிழனும் இங்கே கண்ணில் பட்டிருக்க மாட்டான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் வீட்டை விற்றதில் அந்தக் குறை தீரவில்லையா? வாங்கியவர் தன் பிள்ளைக்கு எழுதி வைக்கலாமே.

நூலகப்பூனை எழுதியது:

மூன்று பிள்ளை இருந்தால் ஒரு வீட்டை எப்படி எழுதி வைப்பது? விற்றுப் பங்கு பிரிப்பார்கள். விற்றால் வாங்குவது யார் என்று அறைக்குடித்தனம் தம்பியைக் கேளுங்கள்.

வேலியோரத்தான் எழுதியது:

நல்ல சண்டை. தொடருங்கள். நடுவில் ஒரு பொது அறிவு: நகைச்சுவை நடிகர் டட்லி மூர் இந்த எஸ்டேட்டில் வளர்ந்தவர். ஹாலிவுட்டுக்குப் போன பிறகு அவர் ஜன்னல் துடைத்தாரா என்று தெரியவில்லை.

பழைய_ஃபோர்ட்காரன் எழுதியது:

நடிகரை விடுங்கள். 1968இல் ஃபோர்டில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 187 பேர். தங்கள் வேலையைத் திறன் குறைந்த வேலை என்று தரம் பிரித்ததுதான் காரணம். இருக்கை இல்லாமல் கார் வெளியே போக முடியாது, தொழிற்சாலையே நின்றது. அமைச்சர் பார்பரா காசில் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 1970இல் சம ஊதியச் சட்டம் வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் அவர்கள் முதலில் கேட்ட தரம், அதாவது இது திறன் உள்ள வேலைதான் என்பது, 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கிடைத்தது. நான் சேர்ந்தபோது அதைப் பற்றிய பேச்சு கன்டீனில் இன்னும் சூடாக இருந்தது. எங்கள் வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "பதினாறு வருஷம் என்றால் அவர்களுக்குப் பொறுமை அதிகம்" என்றார். துணியை மடித்து வைத்தவர் அல்லவா, அவருக்குத் தெரியும்.

செங்கல்சுண்ணாம்பு எழுதியது:

அறைக்குடித்தனம், உங்கள் வீட்டு விஷயம். வெவ்வேறு குடும்பத்து ஆட்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் குளியலறையைப் பகிர்ந்தால் வீட்டுக்காரர் கவுன்சிலிடம் உரிமம் எடுத்திருக்க வேண்டும். கவுன்சில் இணையதளத்தில் உரிமப் பட்டியலைப் பாருங்கள். முன்னறைப் பலகைச் சுவர் தீ தாங்குமா, ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எஸ்டேட் வீட்டின் படிக்கட்டு குறுகல், வெளியேற ஒரே வழிதான்.

அறைக்குடித்தனம் எழுதியது:

பார்த்தேன் அண்ணா, பட்டியலில் இல்லை. என்ன செய்வது என்று மற்ற ஐந்து பேரோடும் பேசிவிட்டு எழுதுகிறேன். புகார் கொடுத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வாரோ என்று ஒருத்தர் பயப்படுகிறார்.

கிழக்குவாசலுக்கு ஒரு கேள்வி. பக்கத்து வீட்டு அம்மாவோடு வளர்ந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்றால், அவர் மட்டும் ஏன் போகவில்லை? கேட்டுச் சொல்லுங்களேன்.

செங்கல்சுண்ணாம்பு எழுதியது:

பயந்து சும்மா இருக்காதீர்கள். உரிமம் எடுக்காத வீட்டுக்காரர் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்ய வைக்க முடியாது என்று சட்டம் இருந்தது, இப்போது விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. முதலில் சிட்டிசன்ஸ் அட்வைஸில் இலவசமாகக் கேளுங்கள், பிறகு கவுன்சில்.

கிழக்குவாசல் எழுதியது:

கேட்டேன். பெரிய காரணம் ஏதாவது வரும் என்று நானும் காத்திருந்தேன். அண்ணன்மார் இருவரும் பாசில்டன் போய்விட்டார்கள். தங்கை எசெக்ஸ் கரையில் கிளாக்டனில். இவரும் கணவரும் எழுபதுகளின் கடைசியில் கிளாக்டனில் ஒரு தனிவீடு பார்த்து, பிடித்து, கை நனைக்கிற அளவுக்குப் போயிருக்கிறார்கள். கணவர் திரும்பி வரும் வழியில் ரயில் அட்டவணையை எடுத்துப் பார்த்தாராம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து அப்டன் பார்க் மைதானத்திலிருந்து கிளாக்டன் போய்ச் சேர இரவாகிவிடும். வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியை விட்டுவிட்டு அவர் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தயாராக இல்லை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு வீட்டை வாங்கினீர்களா என்றேன். இல்லையாம். இன்றைக்கும் கவுன்சிலுக்கு வாடகைதான் கட்டுகிறார். தள்ளுபடி கிடைத்திருக்குமே என்று கணக்குப்பிள்ளையின் சார்பில் கேட்டுப் பார்த்தேன். "கொதிகலன் பழுதானால் யார் வருவது, நீயா?" என்றார்.